பூப் போட்ட வரைபடம்

பழைய காட்டுப் பூங்காவுக்குப் போகலாம் என்று அந்த வீட்டில் முடிவு செய்யாத வருஷமே கிடையாது. போய்வந்த வருஷமும் கிடையாது.

ஒரு காலத்தில் அது அரசர்கள் வேட்டையாடிய காடு. கடைசியாக ஆண்ட அரசருக்கு ஒருநாள் மனசு மாறிவிட்டதாம். துப்பாக்கிகளை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, இனிமேல் இங்கே யாரும் எதையும் சுடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். காட்டைச் சுற்றிக் கட்டிய கல்மதில் இன்னும் இருக்கிறது. உள்ளே வேட்டை மாளிகை இருக்கிறது. உயரமான காவற்கோபுரம் இருக்கிறது. ஒரு குதிரையே உள்ளே போய் நிற்கலாம் என்கிற அளவுக்குப் பொந்து விழுந்த கிழட்டு மரம் ஒன்றும் இருக்கிறது. இதெல்லாம் பட்டாணிக்கு மனப்பாடம். பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பட்டாணி என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. பிறந்தபோது உருண்டையாக இருந்தாள் என்று அப்பா அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். பத்து வயதாகியும் அந்தப் பெயர் உதிரவில்லை. அவளுடைய தங்கையின் பெயர் வால். அது ஏன் என்று அவளைப் பார்த்த யாரும் கேட்டதில்லை.

எப்போதும் போல இந்த வருஷமும் பேச்சு ஆரம்பித்தது. ஆனால் இந்த வருஷம் விஷயம் வேறு. அண்ணனுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. சீக்கிரமே கிளம்புகிறான். கிளம்புவதற்கு முன்னால் அவன் ஒரே ஒரு ஆசைதான் சொன்னான்.

"அந்தக் கோபுரத்து மேல ஒரு தடவை ஏறிப் பாக்கணும். எல்லாரும் சேந்து போலாம்."

அவ்வளவு சின்ன ஆசை. ஆனால் அந்த வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்த களைப்பில் கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மாடி அறையில் தையல் மெஷின் வைத்திருக்கும் அத்தை, கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே இறங்கி வந்திருந்தார். அப்பாவுக்கு அவர் சொந்த அக்கா.

"ஞாயித்துக்கிழமை போறோம். முடிவு பண்ணியாச்சு," என்றார் அப்பா.

"வெயில் கொளுத்துமே," என்றார் அத்தை.

"காலையிலேயே கிளம்பிடலாம் அத்தை," என்றாள் பட்டாணி.

"காலையில பனி. எனக்குத் தும்மல் வரும்."

"கம்பளிச் சட்டை போட்டுக்கலாம்."

"ஞாயித்துக்கிழமைன்னா கூட்டம் அம்மும்."

"அப்ப சனிக்கிழமை போலாமா?"

"சனிக்கிழமை பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் தைச்சுக் கொடுக்கணும். எல்லாத்துக்கும் பட்டன் வேற வைக்கலை."

பட்டாணி மூச்சை இழுத்துப் பிடித்து, மெதுவாக விட்டாள். அத்தையிடம் பேசுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கம் ஒழுகும்.

கடைசியில் அத்தை எழுந்தார். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

"வீடு எங்க ஓடிடப் போகுது?" அப்பா கண்ணாடித் துணியை மேஜையில் போட்டார். "நீ வராம நான் எங்க போயிருக்கேன் அக்கா? நீ வரலைன்னா நானும் வரலை."

"நீங்க வரலைன்னா, நான் மட்டும் இந்த வாலை இழுத்துக்கிட்டுக் காட்டுல அலையணுமா?" என்றார் அம்மா. "நானும் வரலை."

"நானும் வரலை!" என்று வாலும் கத்தினாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. எல்லாரும் சொன்னார்களே என்று சொன்னாள்.

கூட்டம் கலைந்தது. அண்ணன் மட்டும் சிரித்தபடி எழுந்து கொல்லைப்பக்கம் போனான். பட்டாணி பின்னாலேயே போனாள். அவன் சுவரில் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"விடு பட்டாணி. நான் திரும்பி வந்ததும் போலாம்."

"எப்ப வருவே?"

"தெரியலையே. கப்பல் போற இடத்தைப் பொறுத்தது."

பட்டாணிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எல்லாம் இந்த அத்தையால்!

மறுநாள் சாயங்காலம் அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்னாலேயே அம்மா சொன்னார்: "அத்தை பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போறாங்க. பை தூக்க நீயும் கூடப் போ."

போயும் போயும் அத்தையோடா! பட்டாணி செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே நடந்தாள்.

கடைத்தெருவின் ஆரம்பத்திலேயே ஒரு பட்டன் கடை இருந்தது. கண்ணாடி ஜாடிகளில் வெள்ளை வெள்ளையாகப் பட்டன்கள். அத்தை நிற்காமல் நடந்தார். அடுத்தும் ஒரு கடை இருந்தது. அதையும் தாண்டினார்.

"அத்தை, பட்டன்!"

"இங்க நல்லா இருக்காது."

"பாக்கவே இல்லையே!"

அவருடைய நடை வேகமாகிக்கொண்டே போனது. தெருக்கோடியில் இருந்த பெரிய துணிக்கடைக்குள் நுழைந்தார். "நீ இங்கயே நில்லு. வெள்ளைப் பட்டன் எடுத்துக் காட்டச் சொல்லு," என்று சொல்லிவிட்டு, எங்கேயோ மாயமாகிவிட்டார்.

அந்தக் கடையில் பட்டனே இல்லை. விற்பனைப் பெண் பட்டாணியைப் பார்த்து விழித்தாள். பட்டாணி அவளைப் பார்த்து விழித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அத்தை கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து, "பட்டன் இல்லையா? சரி வா, முதல் கடைக்கே போலாம்," என்றார்.

பட்டாணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பட்டன் வாங்கித் திரும்பும் வழியில் நூலகம் வந்தது. அத்தை திடீரென்று அதற்குள் நுழைந்தார். பட்டாணி வாயைப் பிளந்தாள். அத்தை தையல் அளவைத் தவிர வேறு எதையும் படித்து அவள் பார்த்ததில்லை.

"என்ன புத்தகம் வேணும்மா?" என்று நூலகர் கேட்டார்.

"வந்து சொல்றேன்," என்றபடி அத்தை நேராக உள்ளே ஓடினார்.

பட்டாணி எட்டிப் பார்த்தாள். அத்தை போன கதவின் மேல் 'கழிப்பறை' என்று எழுதியிருந்தது. அப்போதுதான் துணிக்கடையில் ஈரக் கையோடு அத்தை வந்தது அவளுக்குப் புரிந்தது.

அத்தை வெளியே வந்ததும் பட்டாணி மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை."

"அப்புறம் ஏன்..."

அத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். புத்தக அலமாரிக்குப் பின்னால் பட்டாணியை இழுத்துக்கொண்டு போனார். "ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கார். அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும். வந்துச்சுன்னா அடக்க முடியாது. போதுமா?"

"இதை அம்மாகிட்ட சொல்லலாமே! அம்மா நர்ஸ்தானே?"

"உங்கம்மாகிட்ட சொன்னா ஆஸ்பத்திரியே வீட்டுக்கு வந்துடும். உங்கப்பாகிட்ட சொன்னா கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் யோசனை கேப்பான். மானம் போயிடும்." அத்தையின் குரல் தணிந்தது. "காட்டுக்குள்ள போயி, எல்லார் முன்னாலயும் நான் மரத்துக்கு மரம் ஓடிக்கிட்டு இருக்கணுமா? நீயே சொல்லு."

நேற்று இரவு முழுக்க அத்தையை மனசுக்குள் திட்டித் தீர்த்தது நினைவுக்கு வந்தது. வெயிலும் பனியும் கூட்டமும் எல்லாமே சும்மா. அத்தைக்கும் அந்தக் கோபுரத்தைப் பார்க்க ஆசைதான்.

"யாருகிட்டயாவது மூச்சு விட்டே, இனிமே உனக்குச் சட்டையே தைக்க மாட்டேன்," என்றார் அத்தை.

"விட மாட்டேன் அத்தை. சத்தியமா."

வீட்டுக்குப் போனதும் பட்டாணி அண்ணனின் போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தார். அவருக்கு அன்றைக்கு வேலை அதிகம் போல. குரலிலேயே தெரிந்தது.

"பூங்கா அலுவலகம். சொல்லுங்க."

"வணக்கம். உங்க பூங்காவுல பாத்ரூம் எங்கெங்க இருக்கு?"

"பாப்பா, விளையாடறியா?"

"இல்லைங்க. நிஜமாத்தான் கேக்கறேன். ஞாயித்துக்கிழமை அங்க வரணும்."

"இங்க மான் இருக்கு. மரங்கொத்தி இருக்கு. அரசர் காலத்து மாளிகை இருக்கு. அதையெல்லாம் கேக்க மாட்டியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். பாத்ரூம்தான் தெரியலை."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டார். "வாசல்ல ஒண்ணு. குதிரைக்குத் தண்ணி காட்டின கல்தொட்டிக்குப் பின்னால ஒண்ணு. கோபுரத்துக்கு அடியில ஒண்ணு. மாளிகை பக்கத்துல ஒண்ணு."

"பொந்து மரத்துக்கிட்ட?"

"அங்க இல்லை. மாளிகையிலேருந்து கொஞ்ச தூரம்தான்."

"கொஞ்ச தூரம்னா எவ்வளவு? மெதுவா நடந்தாலா, அவசரமா நடந்தாலா?"

"அவசரமா நடந்தா சீக்கிரம் வந்துடும்மா!"

"எல்லாத்துலயும் தண்ணி வருமா? கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?"

"தாழ்ப்பாளா?" அந்தப் பெண் கோபமாக ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். "இரு." யாரையோ கூப்பிட்டு விசாரிப்பது கேட்டது. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "மாளிகை பக்கத்துல இருக்கறதுக்குத் தாழ்ப்பாள் உடைஞ்சு கிடக்காம். யாரும் சொல்லவே இல்லை. ஞாயித்துக்கிழமைக்குள்ள போடச் சொல்றேன். நீங்க எத்தனை பேர் வரீங்க?"

"எல்லாரும் வரோம்," என்றாள் பட்டாணி. சொன்ன பிறகுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

பழைய நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அவள் பூங்காவை வரைந்தாள். மதில், தொட்டி, கோபுரம், மாளிகை, பொந்து மரம். கழிப்பறை இருக்கும் இடத்தில் எல்லாம் ஒவ்வொரு சிவப்புப் பூ போட்டாள். ஒரு பூவில் இருந்து அடுத்த பூவுக்குப் போகிற மாதிரி பாதையைக் கோடு இழுத்தாள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் அதை விரித்தாள்.

"மறுபடியுமா?" என்றார் அம்மா.

"இந்தத் தடவை நான் சொல்றதை முழுசா கேளுங்க. நடுவுல யாரும் பேசக் கூடாது. நாம ரயில்ல போறோம்."

"பஸ்தான் சீக்கிரம் போகும்," என்று அப்பா நடுவில் பேசினார்.

"ரயில்தான் வேணும். ரயில்லதான்..." பட்டாணி எச்சிலை விழுங்கினாள். "ரயில்லதான் பாத்ரூம் இருக்கு."

"இதென்ன பூ?" வால் வரைபடத்தில் விரலை வைத்தாள். "ரோஜாத் தோட்டமா? வாசனை வருமா?"

"வாசனை வரும். ஆனா அது தோட்டம் இல்லை. அதுவும் பாத்ரூம்தான்."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். மேஜையின் அந்தப் பக்கம் அத்தையின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அளவு நாடாவின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பட்டாணி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இப்பல்லாம் அடிக்கடி ஒண்ணுக்கு வருது. அதனாலதான் இப்படி ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

அவ்வளவுதான். வால் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டான். அம்மா நாற்காலியில் இருந்து துள்ளி எழுந்தார்.

"எரியுதா? காய்ச்சல் இருக்கா? எங்க, நெத்தியைக் காட்டு. நாளைக்கே வா, டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்."

"அம்மா! ஒண்ணும் இல்லைம்மா! காட்டுக்குப் போற சந்தோஷத்துல வருது!"

"சந்தோஷத்துல எப்படி வரும்? நான் படிச்ச புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லையே?"

"ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தா நின்னுடும். அப்பவும் நிக்கலைன்னா எந்த ஊசி வேணும்னாலும் போடுங்க!"

இந்தக் களேபரம் எதையும் அத்தை கேட்டதாகத் தெரியவில்லை. வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலால் ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டே போனார். பொந்து மரம் வரைக்கும் போய் விரல் நின்றது. பட்டாணியை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. நானும் வரேன்," என்றார்.

அப்பா துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி கையில் இருந்து நழுவியது. "நிஜமாவா?"

"பிள்ளைக்குத் துணைக்கு யாராவது போகணும்ல?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பட்டாணி நினைத்ததைவிட அது கஷ்டமான நாளாக இருந்தது.

ரயில் கிளம்பியதுமே வால் எதிர் இருக்கையில் இருந்தவர்களிடம் அறிவித்துவிட்டாள்: "எங்க அக்காவுக்கு அடிக்கடி ஒண்ணுக்கு வரும்!" பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்பின் தெரியாத ஒரு அம்மாள் பட்டாணியின் தலையைத் தடவி, "பாவம்," என்றார். ஜன்னல் ஓரமாக ஒருவர் எழுந்து, கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த தன் இடத்தைக் கொடுத்தார். பட்டாணி பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

அத்தை ஜாடை காட்டும்போதெல்லாம் பட்டாணி எழுந்து, "எனக்கு வருது," என்பாள். அத்தை உடனே, "வா, துணைக்கு வரேன்," என்று முன்னால் ஓடுவார். துணைக்குப் போகிறவர் ஏன் முன்னால் ஓடுகிறார் என்று நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை.

பூங்கா வாசலில் ஒன்று. கல்தொட்டிக்குப் பின்னால் ஒன்று. கோபுரத்து அடியில் ஒன்று. பூக்கள் எல்லாம் போட்ட இடத்தில் சரியாக இருந்தன.

கோபுரத்தில் ஏறும்போது அத்தைதான் எல்லாருக்கும் முன்னால் ஏறினார். மேலே போனதும் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார். கீழே மரங்களின் உச்சிகள் பச்சைப் பச்சையாக, காற்றில் அசைந்து அசைந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை போயின. மதில் ஒரு சாம்பல் நிறக் கயிறு போல வளைந்து தெரிந்தது. அதற்கும் அப்பால் மெல்லிசாக ஒரு வெள்ளிக் கோடு.

"அது கடல்," என்றான் அண்ணன்.

"அங்கதான் போகப் போறியா?" என்றார் அத்தை.

"ஆமா அத்தை."

அத்தை அவன் சட்டைக் காலரை நீவிச் சரிசெய்துகொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

வம்பு வந்தது மாளிகையில்தான். பெரிய பெரிய கல் ஜன்னல்களையும், அரசர் உட்கார்ந்த நாற்காலியையும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அத்தை பட்டாணியின் தோளை அழுத்தினார். பலமாகவே அழுத்தினார். இரண்டு பேரும் பின்பக்கம் ஓடினார்கள்.

கழிப்பறைக் கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. முன்னால் ஒரு காவலாளி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப போக முடியாதும்மா. பெயின்ட் காயலை."

"ஏன் இன்னிக்குப் போய்ப் பெயின்ட் அடிச்சீங்க?" என்று பட்டாணி கிட்டத்தட்டக் கத்தினாள்.

"யாரோ ஒரு பொண்ணு தாழ்ப்பாள் இல்லைன்னு போன் பண்ணுச்சாம். புதுத் தாழ்ப்பாள் போட்டோம். அதுக்குப் பொருத்தமா கதவுக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லிட்டாங்க. எல்லாம் அந்தப் பொண்ணாலதான்."

பட்டாணிக்கு அந்த முக்காலியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

உடனே பட்டாணி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிக்க ஆரம்பித்தாள். ஒற்றைக் காலில் குதித்தாள். பிறகு அடுத்த காலில் குதித்தாள். "ஐயோ, அண்ணே! எனக்கு அடக்க முடியலை! இங்கயே போயிடுவேன்! அரசர் மாளிகை வாசல்லயே போயிடுவேன்!"

அங்கே வந்திருந்த கூட்டமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது. சத்தம் கேட்டு வாலும் ஓடி வந்து பார்த்தாள். யாரோ சிரித்தார்கள். பட்டாணி இன்னும் பலமாகக் குதித்தாள்.

காவலாளி பதறி எழுந்தார். "ஏய் ஏய், இரு பாப்பா! பின்னால எங்க அறையில ஒண்ணு இருக்கு. பூட்டித்தான் வச்சிருக்கோம். இந்தா சாவி, ஓடு!"

"தனியாப் போக பயமா இருக்கு. எங்க அத்தையும் வரட்டும்!"

"கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போ!"

அத்தை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகு பட்டாணி வாசலில் சாய்ந்து நின்றாள். குதித்துக் குதித்துக் கால் வலித்தது. காது மடல் இரண்டும் சூடாக இருந்தன. கூட்டத்தில் இருந்த யாரையும் இனி வாழ்நாளில் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

அத்தை வெளியே வந்தார். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ரொம்ப நன்றி தம்பி. திரும்ப வேணும்னாலும் வருவோம்," என்று காவலாளியிடம் மட்டும் சொன்னார்.

பொந்து மரத்தடியில் துண்டை விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். ரொட்டியும் பழமும் வெளியே வந்தன. மரம் கேள்விப்பட்டதைவிடப் பெரிதாக இருந்தது. அண்ணன் பொந்துக்குள் போய் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் எட்டவில்லை.

வால் வாய் நிறைய ரொட்டியோடு ஆரம்பித்தாள். "அக்கா, இங்க பூ இல்லையே! இப்ப வந்தா என்ன பண்ணுவே? குதிப்பியா?" எழுந்து பட்டாணியைப் போலவே ஒற்றைக் காலில் குதித்துக் காட்டினாள். "ஐயோ, அண்ணே! ஐயோ, அண்ணே!"

அப்பாவும் அம்மாவும் சிரித்துவிட்டார்கள். பட்டாணி பழத்தோலை உரிப்பதிலேயே குறியாக இருந்தாள். அதற்குமேல் உரிக்க அதில் தோலே இல்லை.

"போதும் நிறுத்து," என்றார் அத்தை.

அந்தக் குரலில் வால் ஒற்றைக் காலிலேயே நின்றுவிட்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லை. எனக்குத்தான் அடிக்கடி வருது. ரத்த அழுத்த மாத்திரை போடறேன், அதனால. வெளியில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, எத்தனையோ வருஷமா நான் எங்கயும் வராம இருந்தேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கினேன். இவ சொல்லலை. எனக்காக அத்தனை பேர் முன்னால குதிச்சா."

முதலில் அம்மாதான் பேசினார்.

"அண்ணி! நான் நர்ஸ் அண்ணி! நாள் முழுக்க நான் கேக்கறதே இதைத்தானே! அந்த மாத்திரையை எந்த நேரத்துல போட்டுக்கலாம்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! வீட்டுலயே ஒருத்தியை வச்சுக்கிட்டு..." அம்மா பட்டாணியை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். "உன்னை வேற நான் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டேன்!"

அப்பா தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"உண்மையைச் சொல்லணும்னா," என்றார், "அங்கங்க நின்னு நின்னு வந்தது எனக்கும் ரொம்ப வசதியாத்தான் இருந்துச்சு. கடையில உக்காந்து உக்காந்து நானும் இப்பல்லாம்... சரி விடுங்க."

"உனக்குமாடா?" என்றார் அத்தை.

"எனக்கும்தான் அக்கா."

அத்தை முதலில் உதட்டை அழுத்திப் பார்த்தார். முடியவில்லை. வெடித்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். தம்பியும் அக்காவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். வால் யாரை நம்புவது என்று தெரியாமல் இன்னும் ஒற்றைக் காலில் நின்றாள்.

அத்தை எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொண்டார். நிமிர்ந்து நின்று, காட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "எனக்கு இப்ப போகணும். யாரு யாரு வரீங்க?"

"நான்!" என்றார் அப்பா.

"நானும் போயிட்டு வந்துடறேன்," என்றார் அம்மா.

"எனக்கும்! எனக்கும்!" என்று வால் குதித்தாள். இந்தத் தடவை அது நடிப்பு இல்லை.

அத்தை தலை நிமிர்ந்து முன்னால் நடக்க, மற்ற மூன்று பேரும் வரிசையாகப் பின்னால் நடக்க, ஊர்வலம் மாளிகைப் பக்கம் போனது. காவலாளியின் பாடு திண்டாட்டம்தான்.

அண்ணனும் பட்டாணியும் மட்டும் பொந்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். பட்டாணி காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். அன்றைக்கு அப்போதுதான் அவள் நிம்மதியாக உட்கார்ந்தாள்.

"நீ போகலையா?" என்று அண்ணன் கேட்டான்.

"எனக்கா?" பட்டாணி கண்ணை மூடினாள். "எனக்குக் காலையிலேருந்து ஒரு தடவை கூட வரவே இல்லை அண்ணா."

அண்ணன் சிரித்த சிரிப்பில், பொந்தின் உச்சியில் தூங்கிக்கொண்டிருந்த ஆந்தை ஒன்று ஒற்றைக் கண்ணைத் திறந்து கீழே பார்த்தது. இதென்ன தொல்லை என்பது போல இன்னும் கொஞ்சம் மேலே நகர்ந்து, மறுபடி தூங்கிப்போனது.